வலி தெரியாத விரல்: கிறிஸ்தவ மரபில் முழுநலம்

வேலூரில் 1940களின் கடைசியில் ஒருநாள், சாமான் அறை ஒன்றின் பூட்டு துருவேறி இறுகிக் கிடந்தது. பால் பிராண்ட் என்ற இளம் அறுவை மருத்துவர் சாவியைப் போட்டுப் பலங்கொண்ட மட்டும் திருகினார், அசையவில்லை. பக்கத்தில் ஒரு சிறுவன் நின்றான். பன்னிரண்டு வயதிருக்கும், தொழுநோயாளி, ஒல்லி உடம்பு. சாவியைக் கையில் வாங்கி ஒரே திருகு, பூட்டு திறந்துகொண்டது. மருத்துவரின் ஆச்சரியம் அடங்குவதற்குள் தரையில் ரத்தத் துளிகள் தெரிந்தன. பையனின் கையைப் பிரித்துப் பார்த்தார். சாவியின் விளிம்பு விரலைக் கிழித்து எலும்புவரை இறங்கியிருந்தது. பையனுக்கு அது தெரியவே இல்லை. வலித்தால்தானே கையை எடுப்பான்?

தொழுநோய் சதையை அழுகவைக்கிறது, விரல்கள் தாமாக உதிர்கின்றன என்றுதான் அன்று பொதுவாக நம்பப்பட்டது. பிராண்ட் நோயாளிகளின் கைகளை விரல்விரலாகக் கவனிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு புண்ணுக்கும் பின்னால் ஒரு சம்பவம் இருந்தது. சூடான பாத்திரம், சுத்தியல் பிடி, செருப்பில்லாத காலில் ஏறிய முள். நோய் நரம்பின் உணர்ச்சியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. மிச்ச வேலையை அன்றாட வாழ்க்கை செய்து முடிக்கிறது. படுக்கும்போது இருந்த விரல்நுனி விடிந்தால் காணோம் என்று ஒரு புதிர் இருந்தது. இரவில் விழித்திருந்து பார்த்ததும் விடை கிடைத்தது: எலி. எலி கடிக்கிறது, தூங்குகிறவன் புரண்டுகூடப் படுக்கவில்லை. அதன்பிறகு வீட்டுக்குப் போகிற நோயாளிகளிடம் ஒரு பூனையையும் கொடுத்தனுப்பினார்கள். மருந்துச் சீட்டில் பூனை இடம்பிடித்த கதை வேறெங்கும் உண்டா, தெரியவில்லை.

இந்தக் கண்டுபிடிப்பிலிருந்து பிராண்ட் வாழ்நாள் முழுக்க ஒரு முடிவை வளர்த்தெடுத்தார். உடம்பு நலமாக இருக்கிறது என்றால், கடைக்கோடி விரலின் வலி தலைக்கு எட்டுகிறது என்று பொருள். எட்டாமல் போன நாளிலிருந்து அந்த விரல் உடம்புக்கு அந்நியம். உணர்ச்சியிழந்த நோயாளிகள் தங்கள் கையை ஏதோ இரவல் கருவிபோலப் பேசுவதை அவர் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் 12ஆம் அதிகாரத்தில் இதே உருவகம் இருக்கிறது: பல உறுப்பு, ஒரு சரீரம், ஒன்று பாடுபட்டால் எல்லாமே பாடுபடும். பிரசங்கத்தில் ஆயிரம் முறை கேட்டுத் தேய்ந்துபோன உருவகம்தான். பிராண்டின் கையில் அது நரம்பியலாக மாறியது. கிறிஸ்தவ மரபு முழுநலம் என்று எதைச் சொல்கிறதோ அதற்கு மிக அருகில் வந்தது வேலூர்ப் பையனின் அந்த விரல்தான் என்பது என் எண்ணம். அதே பெயரில் இன்று நம் சபைகளில் விளம்பரப்படுத்தப்படுவதில் பெரும்பகுதி அங்கிருந்து வெகுதூரம் தள்ளி நிற்கிறது.

சொல்லிலிருந்தே பார்க்கலாம். தமிழ்க் கிறிஸ்தவர் வீட்டில் 'சுகம்' என்ற சொல் நாளுக்குப் பத்து முறை புழங்கும். கடிதத்தில் சுகம் விசாரிப்போம், ஜெபக் குறிப்பில் 'சரீர சுகவீனம்' என்று எழுதுவோம், சுவரொட்டியில் 'சுகமளிக்கும் கூட்டம்' என்று அச்சடிப்போம். இதற்குப் பக்கத்து வீட்டுச் சொல்லாக இருக்கவேண்டிய 'இரட்சிப்பு' நம் நாக்கில் வேறொரு தெருவுக்குக் குடிபோய்விட்டது: சுகம் உடம்புக்கு, இரட்சிப்பு ஆத்துமாவுக்கு. புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் இந்தப் பாகப்பிரிவினை கிடையாது. 'சோசோ' என்ற ஒரே வினைச்சொல் கப்பல் கவிழாமல் காப்பாற்றுவதற்கும் வரும், காய்ச்சலிலிருந்து தேற்றுவதற்கும் வரும், பாவத்திலிருந்து மீட்பதற்கும் வரும். மொழிபெயர்ப்பாளர்கள் இடத்துக்கு இடம் ஏதாவதொன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டியிருந்தது. எபிரெயத்தின் 'ஷாலோம்' தமிழில் 'சமாதானம்' ஆனபோதும் ஒரு பங்கு கழன்று விழுந்தது. அதன் வேர், குறைவின்றி நிறைந்திருப்பது. சண்டையில்லாமல் இருப்பது அதில் ஒரு பகுதி. 'ஆத்துமா' என்று நாம் வாசிக்கிற பல இடங்களில் மூலத்தில் இருப்பது 'நெஃபெஷ்'. தொண்டை, மூச்சு, பசி, உயிர், ஆள் என்று அத்தனையும் அந்தச் சொல்லுக்குள் அடக்கம். பழைய ஏற்பாட்டு மனிதனுக்கு உடம்பென்ற வீட்டில் குடியிருக்கும் ஆத்துமா என்ற வாடகைதாரர் கிடையாது. அந்த வாடகைதாரர் கிரேக்கத் தத்துவத்திலிருந்து வந்தவர், வந்தவர் தங்கிவிட்டார்.

மூன்று சொல்லும் ஒன்றாக வந்து நிற்கிற இடமும் தமிழ் வேதாகமத்தில் உண்டு. பழைய மொழிபெயர்ப்பில் மாற்கு 5ஆம் அதிகாரம், பெரும்பாடுள்ள ஸ்திரீயின் கதை. இயேசு அவளை வழியனுப்பும் வசனத்தில் இரட்சிப்பும் சமாதானமும் சுகமும் அடுத்தடுத்து வருகின்றன. பன்னிரண்டு வருட உதிரப்போக்கு. கைப்பொருள் எல்லாம் வைத்தியர்களுக்குக் கொடுத்து, முன்னைவிட மோசமானாள் என்கிறார் மாற்கு. (மரபின்படி வைத்தியரான லூக்கா அதே கதையைச் சொல்லும்போது இந்த 'மோசமானாள்' மட்டும் நழுவிவிடுகிறது. தொழில் பாசம்!) கூட்டத்தில் பின்னால் வந்து வஸ்திரத்தைத் தொட்டதும் உதிரம் நின்றுவிடுகிறது. மருத்துவக் குறிப்பேட்டில் எழுத வேண்டியது அதோடு முடிந்தது. இயேசு முடிக்கவில்லை. அங்கே ஒரு பெரிய மனிதரின் மகள் சாகக் கிடக்கிறாள், நெருக்கடி. இருந்தும் நின்று, தொட்டது யார் என்று கேட்கிறார். அவள் நடுங்கிக்கொண்டு வந்து எல்லார் முன்னாலும் தன் கதை முழுவதையும் சொல்கிறாள்.

ஏன் இந்தக் கட்டாயம்? லேவியராகமம் 15ஆம் அதிகாரத்தின்படி அவள் தீட்டு. அவள் படுத்த பாய் தீட்டு, உட்கார்ந்த மனை தீட்டு, அதைத் தொட்டவரும் மாலைவரை தீட்டு. பன்னிரண்டு வருடம் யாரும் தொடாத பெண். உதிரம் நின்றது அவளுக்கு மட்டும் தெரிந்தால் ஊர் அவளை ஒதுக்கித்தான் வைத்திருக்கும். ஊர் கேட்க அவர் 'மகளே' என்று அழைத்தபோதுதான் சிகிச்சை நிறைவடைகிறது. சுவிசேஷத்தில் குஷ்டரோகிகளைத் தொட்டவுடன் ஆசாரியனிடம் போய்க் காட்டச் சொல்வதும் இதற்காகத்தான். தோல் தேறினால் போதாது. ஊருக்குள் நுழைய உத்தரவு வேண்டும். பழைய மொழிபெயர்ப்பில் 'குஷ்டம்' என்று வருவது பலவகைத் தோல் கோளாறுகளைச் சேர்த்துக் குறிக்கும் எபிரெயச் சொல். இன்று தொழுநோய் என்கிறோமே, அதற்கு மட்டுமான பெயர் அன்று. இந்தக் குழப்பம் பின்னாளில் தொழுநோயாளிகளுக்குச் செய்த தீமை கொஞ்சநஞ்சமில்லை.

மனம் சம்பந்தப்பட்ட ஒரு கதையும் சொல்லவேண்டும். 1 இராஜாக்கள் 19இல் எலியா சூரைச்செடியின் கீழ் விழுந்து கிடக்கிறார். போதும், உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கடவுளிடமே கேட்கிறார். அதற்கு முந்தைய அதிகாரத்தில்தான் கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினியை இறக்கியவர்! விசுவாசக் குறைவு என்று அவரைச் சொல்ல யாருக்கும் வாய் வராது. தேவதூதன் வந்து பிரசங்கம் செய்யவில்லை. தணலில் சுட்ட அடை, ஒரு குடுவைத் தண்ணீர். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடி தூங்குகிறார். மறுபடி எழுப்பிச் சாப்பிட வைக்கிறான். நாற்பது நாள் நடந்து ஓரேபுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான், இங்கே உனக்கு என்ன காரியம் என்ற விசாரணை. தூக்கம், சோறு, நடை, பிறகு பேச்சு. மனச்சோர்வுக்கு இதைவிட நிதானமான சிகிச்சை வரிசையை நான் பார்த்ததில்லை.

என் சித்தி ஒருத்தி இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு ஆறு மாதம் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். சபையிலிருந்து வந்த பெரியம்மாக்கள் நல்லவர்கள், பாசமானவர்கள். "ஜெபத்துல எங்கயோ குறைவு இருக்கும்மா, யோசிச்சுப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சித்தி யோசித்தாள். இருந்த பாரத்தோடு குற்றவுணர்ச்சியும் சேர்ந்துகொண்டது. கடைசியில் பாட்டிதான் எல்லாரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு, பிள்ளையைத் தான் வாங்கிக்கொண்டு, அவளை ஒரு வாரம் தூங்கவிட்டாள். மாத்திரை அதற்குப் பிறகு வந்தது. பாட்டிக்கு எலியாவின் கதை தெரியுமா என்று நான் கேட்டதில்லை.

உடம்பு வேறு ஆத்துமா வேறு என்ற கணக்கு மிஷன் வரலாற்றிலும் ஓடியது. 'ஆத்தும ஆதாயம்' முதலீட்டின் லாபம், மருத்துவமனை அதற்குத் தூண்டில்புழு. இப்படி நினைத்த மிஷனரிகள் உண்டு, இப்படித்தான் எல்லாரும் நினைத்தார்கள் என்று எழுதும் விமர்சகர்களும் உண்டு. வேலூரின் கதை இரண்டுக்கும் அடங்காது. ராணிப்பேட்டையில் 1870இல் பிறந்த ஐடா ஸ்கடர், மிஷனரி வேலையே வேண்டாம் என்றிருந்தவர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து, பிரசவத்தில் தவிக்கும் மனைவியைப் பார்க்கப் பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்டார்கள். மருத்துவரான அப்பா இருந்தார். ஆண் தொடக்கூடாது என்றார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். ஐடா கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899இல் பட்டம் பெற்று, 1900இல் வேலூரில் ஒரு கட்டில் போட்டுத் தொடங்கியது பின்னாளில் சி.எம்.சி. என்னும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆயிற்று. 1909இல் செவிலியர் பயிற்சி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அந்த மூன்று பெண்களைக் கொன்றது கிருமியா? தொடக்கூடாது என்ற வழக்கமும், தொடத் தெரிந்த பெண் இல்லாத குறையும்தானே. ஐடா மருந்தோடு பெண்களுக்குத் தொழிலையும் கற்றுக்கொடுத்ததற்கு இதுதான் காரணம்.

தொழுநோய் விஷயத்தில் கிறிஸ்தவக் கணக்கு அத்தனை சுத்தமில்லை. 1874இல் வெல்லெஸ்லி பெய்லி தொடங்கிய தொழுநோய் மிஷன் வேறு யாரும் கிட்டே போகாத மனிதர்களுக்குக் கூரையும் சோறும் கொடுத்தது; அதை மறுக்க முடியாது. அந்தக் கூரை பெரும்பாலும் ஊருக்கு வெளியே, மதிலுக்குள் இருந்தது. ஆணும் பெண்ணும் தனித்தனி, பிள்ளைகள் இன்னொரு தனி. 1898ஆம் ஆண்டுச் சட்டம் திரியும் நோயாளிகளைப் பிடித்து விடுதியில் அடைக்க அதிகாரம் கொடுத்தபோது மிஷன் விடுதிகளும் அந்த ஏற்பாட்டுக்குள் வந்தன. இரக்கம் இருந்தது, வழியனுப்பும் எண்ணம் இல்லை. மாற்கு 5இல் இயேசு நின்று கேட்ட கேள்வியை இவர்கள் கேட்கவில்லை.

பிராண்ட் கொல்லிமலையில் 1914இல் பிறந்தவர். அப்பா ஜெஸ்ஸி பிராண்ட் மலையிலேயே 1929இல் கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். அம்மா ஈவ்லின் 95 வயதில் 1974இல் சாகும்வரை மலை மலையாக வேலை செய்துகொண்டே இருந்தார். பிராண்ட் மருத்துவம் படிக்கும் முன் சில வருடம் கட்டடத் தொழில், தச்சு வேலை கற்றவர். இது பின்னால் உதவியது. 1946இல் வேலூருக்கு வந்தார். அடுத்த வருடம் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் தொழுநோய் நிபுணர் ராபர்ட் காக்ரேனுடன் சுற்றிவரும்போது, விரல் மடங்கிய ஒரு நோயாளியோடு கைகுலுக்கினார். இரும்புப் பிடி; விட்டால் போதும் என்று ஆயிற்று. முடங்கிய கைக்குள் இவ்வளவு பலமான தசை மிச்சமிருக்கிறதே என்று யோசனை ஓடியது. முழங்கையை ஒட்டி ஓடும் நரம்பு கெட்டால் உள்ளங்கையின் சிறு தசைகள் செத்து விரல்கள் கொக்கியாக மடங்கும். முன்கையின் பெரிய தசைகள் பிழைத்திருக்கும். அவற்றில் ஒன்றின் தசைநாணைப் பிரித்து விரலுக்குத் திருப்பி விட்டால்? 1948இல் முதல் அறுவைகள். விரல்கள் நிமிர்ந்தன. இத்தனை காலம் ஒரு வேலை செய்த தசை இப்போது வேறு வேலை செய்யவேண்டும் என்பதை மூளைக்குப் பழக்கிக் கொடுக்க வாரக்கணக்கில் பயிற்சி.

கை நிமிர்ந்தவர்கள் ஊருக்குப் போனார்கள். சிலர் திரும்பி வந்தார்கள். யாரும் வேலை தரவில்லை. தொழுநோய்க்காரன் என்ற பெயர் விரலோடு நிமிரவில்லை. இது எதிர்பார்த்தது. எதிர்பாராதது இன்னொரு புகார்: முன்பு மடங்கிய கையை நீட்டினால் காசு விழுந்தது, இப்போது அதுவும் விழுவதில்லை, நீங்கள் கொடுத்த கை பிச்சைக்கு உதவாது டாக்டர். அறுவை வெற்றி, மனிதன் பட்டினி. 1950களின் தொடக்கத்தில் கல்லூரி வளாகத்தில் மண்சுவர்க் குடிசைகள் எழுந்தன, நவஜீவ நிலையம் என்ற பெயரில். அங்கே மரப்பொம்மை செய்தார்கள். உளி பிடிக்கும்போது எவ்வளவு அழுத்தவேண்டும் என்று உணர்ச்சியில்லாத விரலுக்குத் தெரியாது. கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் பழகவேண்டும். தச்சு தெரிந்த மருத்துவர் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பிடிகளை மாற்றியமைத்தார். மாலையில் ஒவ்வொருவரும் தன் கையையும் காலையும் தானே திருப்பிப் பார்த்து, சிவந்திருக்கிறதா, கொப்புளமா என்று சோதிப்பது விதி. நரம்பு சொல்லாததைக் கண் சொல்லவேண்டும். காலுக்கு நுண்துளை ரப்பர் வைத்த செருப்பு வந்தது. 'எம்.சி.ஆர். செருப்பு' என்று இன்று சர்க்கரை நோயாளிகள் கடையில் கேட்டு வாங்குகிறார்களே, அதற்குத் தொழுநோய்க் காலணிகளோடு நெருங்கிய உறவு உண்டு.

சட்டம் நிமிர இன்னும் அதிக காலம் எடுத்தது. 1898 சட்டத்தை 2016இல்தான் நாடாளுமன்றம் நீக்கியது. தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாக வைத்திருந்த பிரிவுகள், கிறிஸ்தவர்களுக்கான மணமுறிவுச் சட்டம் உட்பட, 2019இல்தான் நீங்கின. கூட்டு மருந்து சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1982இலேயே பரிந்துரைத்துவிட்டது. கிருமி சில மாதங்களில் போகும்; ஊரின் தொடுஉணர்ச்சி திரும்ப முப்பத்தேழு வருடம்.

மனநோயிலும் வேலூர் இதே பாதையில் நடந்தது. வேலூரை ஒட்டிய பாகாயத்தில் 1957இல் மனநல மையம் தொடங்கியபோது, நோயாளியோடு குடும்பத்தார் ஒருவராவது கூடத் தங்கவேண்டும் என்று வைத்தார்கள். அமிர்தசரஸில் வித்யாசாகர் என்ற மருத்துவர் அதே பத்தாண்டில் மனநல மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் போட்டுக் குடும்பங்களைத் தங்கவைத்தார். அவருக்கும் இந்த எண்ணம் வந்தது. ஆகவே இதைக் கிறிஸ்தவக் கண்டுபிடிப்பு என்று பட்டா போட்டுக்கொள்ள முடியாது. சமைக்க அடுப்பு, விரிக்கப் பாய், பக்கத்தில் அம்மாவோ மனைவியோ. மகனுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று நம்பி வந்த அம்மா, பக்கத்துக் கட்டில்காரரின் அம்மாவோடு பேசிப்பேசி வேறொன்றைப் புரிந்துகொண்டு வீடு திரும்புவாள். மருத்துவர் அரைமணி நேரத்தில் சொல்லிக்கொடுக்க முடியாத பாடம் அது.

இந்த அனுபவங்கள் உலக அளவில் கொள்கையாக மாறிய கதை தமிழில் அதிகம் எழுதப்படவில்லை. 1964இல் ஜெர்மனியின் டூபிங்கனில் சபைகளின் மருத்துவப் பணி பற்றி ஒரு கலந்தாய்வு கூடியது. குணமாக்குவது மருத்துவரின் தனித்தொழிலா, சபை முழுவதன் வேலையா என்பது கேள்வி. 1968இல் உலகத் திருச்சபைகள் மன்றம் கிறிஸ்தவ மருத்துவ ஆணையத்தை அமைத்தது; அதன் இயக்குநர் ஜேம்ஸ் மெக்கில்வ்ரே முன்பு வேலூர் மருத்துவமனையில் நிர்வாகியாக இருந்தவர். சபைகளின் மருத்துவப் பணத்தில் பெரும்பகுதி கட்டடத்துக்கும் கட்டிலுக்கும் போகிறது, கட்டிலில் படுத்திருப்பவர்களில் ஏராளமானோர் தடுத்திருக்கக் கூடிய நோயால் வந்தவர்கள் என்று ஆணையம் தன் வீட்டுக் குறையைத் தானே எழுதியது. ஜெனீவாவில் உலக சுகாதார நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே இந்த ஆணையமும் இருந்தது. அங்கே தலைமை இயக்குநரான ஹால்ஃப்டன் மாலரும் இவர்களும் 1974இல் ஒன்றாக உட்கார்ந்தார்கள். 1978இல் அல்மா அட்டாவில் உலக நாடுகள் ஏற்ற ஆரம்ப சுகாதாரக் கொள்கைக்கு இந்தப் பேச்சும் ஒரு ஊற்று.

அவர்கள் மேசையில் இருந்த முன்மாதிரிகளில் ஒன்று மகாராஷ்டிரத்தின் ஜாம்கேட். வேலூரில் படித்த ரஜனிகாந்த் ஆரோளே, மேபல் ஆரோளே தம்பதி 1970இல் அந்த வறண்ட ஊருக்குப் போனார்கள். ஊர்மக்கள் கேட்டது மருந்தையல்ல, தண்ணீரை. குழாய்க் கிணறுகள் போட வாய்ப்பு வந்தபோது பல ஊர்களில் பம்புகளைத் தலித் குடியிருப்பில் அமையும்படி பார்த்துக்கொண்டார்கள். குடம் தூக்கிக்கொண்டு எல்லாரும் அங்கேதான் வந்தாக வேண்டும்! கிராம சுகாதாரப் பணியாளர்களாகத் தேர்ந்தெடுத்தது எழுதப்படிக்கத் தெரியாத பெண்களை, அவர்களிலும் பலர் தலித்துகள். வயிற்றுப்போக்குக்குக் காரணம் கிருமி, கிருமிக்குக் காரணம் தண்ணீர், தண்ணீர் கிடைக்காததற்குக் காரணம் சாதி என்று கடைசிக் கண்ணிவரை போய்த் தொட்டவர்கள் இவர்கள்.

இனி, ஜெபம். ஆய்வுக் கட்டுரை என்றால் இதைத் தவிர்க்க முடியாது. 2006இல் ஹெர்பர்ட் பென்சன் குழு அமெரிக்காவின் ஆறு மருத்துவமனைகளில் இதய மாற்றுவழி (பைபாஸ்) அறுவை செய்துகொண்ட 1,802 பேரை வைத்து ஒரு சோதனையை வெளியிட்டது. முன்பின் தெரியாதவர்கள் பெயர் மட்டும் தெரிந்துகொண்டு தொலைவிலிருந்து ஜெபித்தார்கள். பலன் ஒன்றுமில்லை. தங்களுக்காக ஜெபம் நடக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்திருந்தவர்களில் 59 சதவீதத்தினருக்குச் சிக்கல் வந்தது. தெரியாதவர்களில் 51, 52. பத்து வருடம் கழித்து, 2016இல், 74,534 அமெரிக்கச் செவிலியர்களைப் பதினாறு வருடம் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று வந்தது. வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் ஆராதனைக்குப் போன பெண்களின் மரண விகிதம், போகாதவர்களைவிட 33 சதவீதம் குறைவு. ஒருவருக்கொருவர் ஆதரவு, புகைபிடிக்காமை, மனச்சோர்வு குறைவு ஆகியவை இதில் ஒரு பங்கை விளக்கின. ஆரோக்கியமாக இருப்பவர்கள்தானே கோயிலுக்கு நடந்து போவார்கள் என்ற ஆட்சேபணையைக் கணக்கில் எடுத்துத்தான் ஆய்வு செய்தார்கள், எனினும் இவ்வகை ஆய்வு காரணத்தை முழுதாக நிரூபிக்காது. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது இது. ஜெபத்தை ஊசி மருந்துபோல அளந்து, முகம் தெரியாதவருக்குச் செலுத்தினால் அது மருந்தாகவும் வேலை செய்யவில்லை, ஜெபமாகவும் இருந்ததா என்பது சந்தேகம். ஒரே பலகையில் வாரா வாரம் பக்கத்தில் உட்காருகிறவர், நாம் வராத ஞாயிறன்று வீட்டுக் கதவைத் தட்டுவார். இதை இரட்டைக்குருட்டுச் சோதனையில் வைக்க வழியில்லை.

நலத்தை உறவிலிருந்து பிரித்துத் தனிமனிதத் திட்டமாக்குவது நம் காலத்துப் பழக்கம். 'வெல்னஸ்' என்ற சொல்லை 1961இல் புத்தகத் தலைப்பாக்கிய ஹால்பர்ட் டன் பொதுச் சுகாதாரத் துறைக்காரர். சமூகத்தையும் மனதில் வைத்துத்தான் எழுதினார். பிறகு அது ஜிம் சந்தாவாகவும் கடிகாரத்தில் காலடி எண்ணிக்கையாகவும் சுருங்கியது. சபைகளும் பின்னால் ஓடின. கலிஃபோர்னியாவின் ரிக் வாரன் சபை 2011இல் தொடங்கிய 'தானியேல் திட்டம்' எடைக் குறைப்புக்குப் பெயர் போனது. குழுவாகச் சேர்ந்து செய்வது அதில் நல்ல அம்சம். ஆனால் தானியேல் புத்தகத்தின் முதல் அதிகாரத்தைத் திறந்து பார்த்தால், பத்து நாள் பருப்பும் தண்ணீரும் சாப்பிட்ட பிள்ளைகள் ராஜபோஜனம் உண்டவர்களைவிடப் புஷ்டியாகத் தெரிந்தார்கள் என்றிருக்கிறது. எடை கூடியிருக்கிறது! அந்தக் கதையில் பிரச்சினை கொழுப்பு இல்லை. நாட்டைப் பிடித்த ராஜாவின் மேசையில் உட்கார மறுப்பது.

நம் பக்கத்துக் கதையும் சுகமில்லை. தமிழகத்தில் சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கும் கிறிஸ்தவ ஊர்கள் இன்னும் உண்டு. அந்த ஊர்களிலும் சுகமளிக்கும் கூட்டத்துக்குப் பந்தல் போடுகிறார்கள். மேடையில் ஏறி முழங்கால் வலி போனது என்று சாட்சி சொல்கிறவரை நான் சந்தேகிக்கவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் புதைக்கப்பட்டவரின் பேரனுக்கு வலிப்பது இந்தப் பக்கத்துக்கு எட்டுகிறதா என்று கேட்டால், பிராண்டின் சாமான் அறைப் பையன்தான் ஞாபகத்துக்கு வருகிறான். ரத்தம் சொட்டுகிறது, கைக்குத் தெரியவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் 1946ஆம் ஆண்டுச் சாசனம், நலம் என்பது உடல், மனம், சமூகம் மூன்றிலும் முழுமையான நல்வாழ்வு என்று வரையறுத்தது. ஆன்மிகத்தையும் சேர்க்கவேண்டும் என்ற திருத்தம் 1990களின் கடைசியில் நிர்வாகக் குழுவரை போய், நிறைவேறாமல் நின்றது. கிறிஸ்தவர்கள் பலர் அதற்காக வருத்தப்படுகிறார்கள். எனக்கு உறுத்துவது 'முழுமையான' என்ற சொல். அந்த அளவுகோலில் மூட்டு தேய்ந்த என் பாட்டி தேறமாட்டாள், கண்ணாடி போட்ட நானும் தேறமாட்டேன். சுவிசேஷத்தின்படி உயிர்த்தெழுந்த இயேசுவே தேறமாட்டார். தோமாவுக்குக் காட்ட அவர் கையில் ஆணித் தழும்பு அப்படியே இருந்தது. பவுல் தன் மாம்சத்து முள்ளை எடுத்துவிடும்படி மூன்று முறை கேட்டார், எடுக்கப்படவில்லை. குறையே இல்லாத உடம்பை இந்த மரபு வாக்களிக்கவில்லை.

வேலூரில் மேரி வர்கீஸ் என்ற இளம் மருத்துவர் இருந்தார், கேரளத்துக்காரர். 1954 ஜனவரி 30 அன்று சுற்றுலா போன வண்டி கவிழ்ந்தது. முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே எல்லாம் போயிற்று. கட்டிலோடு வாழ்க்கை முடிந்தது என்று இருந்தவரை, தொழுநோயாளிகளின் கையை அறுவை செய்யப் பழகச் சொன்னார் பிராண்ட். பழகினார். பின்னர் பெர்த்திலும் நியூயார்க்கிலும் பயிற்சி பெற்றுத் திரும்பி, வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைவரானார். 1966இல் அதற்கென்று தனி நிலையம் திறந்தது. 1972இல் பத்மஸ்ரீ வந்தது. அதெல்லாம் பின்னால். ஐம்பதுகளின் நடுவில், அவர் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு அறுவை அறைக்குள் வந்தபோது பெரிய ஏற்பாடு எதுவும் தேவைப்படவில்லை. கை அறுவையை எல்லா மருத்துவர்களும் உட்கார்ந்துதான் செய்வார்கள். மேசைக்கு இந்தப் பக்கம் நாற்காலியில் உணர்ச்சியற்ற இரண்டு கால்கள். அந்தப் பக்கம், துணியில் விரித்து வைத்த உணர்ச்சியற்ற ஒரு கை.